அச்சும் விழுதும் ஒன்றானால்: மேசைத்தறி பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

அரூர் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இரண்டு மாதமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய ஊர் மகளிர் குழுவிடம் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, வங்கிக் கடனும் கிடைக்கும் போலிருக்கிறது. "தம்பி, அந்த மேசை மேல வெக்கிற தறி பத்து வாங்கிப் போட்டா பொழச்சுக்குவாங்களா?" இதுதான் கேள்வி. வீடியோவில் யாரோ ஒரு வெளிநாட்டு அம்மா சாயங்காலத்துக்குள் ஒரு கழுத்துத் துணியை நெய்து முடித்துவிடுகிறார். அதைப் பார்த்ததிலிருந்து சாருக்குத் தூக்கம் இல்லை.

அவர் சொல்லும் தறிக்கு ஆங்கிலத்தில் ரிஜிட் ஹெடில் லூம் என்று பெயர். நியூசிலாந்தின் ஆஷ்ஃபோர்ட், அமெரிக்காவின் ஷாக்ட், போலந்தின் க்ரோம்ஸ்கி ஆகிய கம்பெனிகள் செய்கிற வகை. 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒன்றை உறவுக்காரப் பையன் வெளிநாட்டிலிருந்து வரும்போது எடுத்து வந்து கொடுத்தான் (எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, எல்லாமே ஒரே அமைப்புதான்). பூட்டினேன், மூன்று பாவு போட்டு நெய்தும் பார்த்தேன். ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு அதைப் பற்றி எழுதுவதுபோல ஒரு கருவியைப் பற்றியும் எழுதலாம் என்று தோன்றியது. கருவிக்கும் ஒரு வாதம் இருக்கிறது, அது சொல்லாமல் விடுவதும் இருக்கிறது. சாருக்குப் போனில் பதில் சொன்னால் பாதிதான் சொல்ல முடியும் என்பதால் இந்தக் குறிப்பு.

பூட்டுவது பெரிய விஷயம் இல்லை. பக்கச் சட்டம் இரண்டு, அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டைகள், பாவு சுற்ற ஓர் உருளை, நெய்த துணி சுற்ற ஓர் உருளை, உருளை பின்னால் ஓடாமல் பிடிக்கும் பல்சக்கரமும் கொக்கியும், நடுவில் சீப்பு மாதிரி ஒரு பலகை, அது ஏறி உட்காரவும் இறங்கி உட்காரவும் இரு பக்கமும் வெட்டுக் கட்டைகள். ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் மரம் வெடிக்காமல் இறங்கும். ஸ்க்ரூ எல்லாவற்றையும் முக்கால் முறுக்கில் நிறுத்திவிட்டு, சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து, இரண்டும் சமமான பிறகுதான் இறுக்க வேண்டும். வீட்டுக் கதவு நிலை வைக்கும்போது ஆசாரி செய்கிற அதே வேலை. சட்டம் கோணினால் ஒரு ஓரத்துப் பாவு தொய்யும், மறு ஓரம் விறைக்கும், துணி விசிறி மாதிரி விரியும். பூச்சு இல்லாத மரமாக வந்தால் பூட்டும் முன்பே எண்ணெயோ மெழுகோ தடவிவிட வேண்டும், பிறகு தடவினால் நூலில் ஒட்டும். ஒன்றரை மணி நேர வேலை.

சாருக்காக வழிமுறைத் தாளைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் விஷயம் சுவாரசியமானது. முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டேன்.

நம் கைத்தறியில் அச்சு வேறு, விழுது வேறு. அச்சு என்பது சீப்பு. பாவு இழைகளை ஒரே இடைவெளியில் நிறுத்தும், புதிதாகப் போட்ட ஊடையை அடித்துத் துணியோடு சேர்க்கும். விழுது என்பது ஒவ்வொரு பாவு இழையையும் பிடித்துத் தூக்கும் நூல் கண்ணி. மிதியை அழுத்தினால் விழுது ஏறும், இறங்கும். ஆலமரத்து விழுதுக்கும் இதற்கும் ஒரே பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தாலே புரியும். தொங்குவதும் வளைவதும்தான் விழுதின் இயல்பு. அப்படியானால் ரிஜிட் ஹெடில் என்பதைத் தமிழில் என்ன சொல்வது? 'விறைத்த விழுது' என்று எழுதிப் பார்த்தேன். சேலத்து நெசவாளியிடம் சொன்னால் சிரிப்பார், ஈரமில்லாத தண்ணீர் என்பது போல.

ஆனால் அந்த முரண்பாட்டில்தான் இந்தக் கருவியின் மூளை இருக்கிறது. பலகையில் ஒரு நீளப் பிளவு, அடுத்து ஒரு குச்சியின் நடுவில் சிறு துளை, மறுபடி பிளவு, மறுபடி துளை. ஒரு பாவு இழை பிளவில் போகும், அடுத்தது துளையில். பலகையைத் தூக்கினால் துளை இழைகள் கூடவே ஏறும், பிளவு இழைகள் இருந்த இடத்திலேயே இருக்கும், நடுவில் வாய் திறக்கும். அழுத்தினால் துளை இழைகள் கீழே போகும், வாய் எதிர்ப்பக்கமாகத் திறக்கும். அவ்வளவுதான். அதே பலகை இழைகளுக்கு இடைவெளியும் கொடுக்கிறது, அதையே முன்னால் இழுத்தால் ஊடையையும் அடிக்கிறது. அச்சு, விழுது இரண்டும் ஒரே துண்டு. நான் 'அச்சுவிழுது' என்று எழுதிக்கொண்டேன். வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எடுத்துக்கொள்கிறேன்.

இது புதுசும் இல்லை. ரோமானியர் காலத்து அச்சுவிழுது ஒன்று வட இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் கோட்டைப் பகுதியில் கிடைத்திருக்கிறது. ஒரு சாண்கூட அகலமில்லாத, நாடா மாதிரியான பட்டைகள் நெய்ய அந்த அளவு போதும். அதை அகலமாக்கி, உருளையும் பல்சக்கரமும் சேர்த்து, பொழுதுபோக்குக்கு நெய்பவர்களின் வீட்டுக்குக் கொண்டு சேர்த்தது போன நூற்றாண்டு.

மென்பொருள்காரன் கண்ணுக்கு இது பழகிய கதை. இரண்டு மாட்யூல் செய்ய வேண்டிய வேலையை ஒரே மாட்யூலில் அடக்கினால் கோடு சின்னதாகும், புதிதாக வருபவனுக்குச் சீக்கிரம் புரியும், முதல் டெமோ அமர்க்களமாக ஓடும். பிறகு ஒன்றை மாற்ற நினைக்கும்போதுதான் மற்றது கையைப் பிடிக்கும். கைத்தறியில் துணியின் நெருக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் அச்சை மாற்றலாம். கோலத்தை மாற்ற வேண்டுமென்றால் விழுதை வேறு மாதிரிக் கட்டலாம், இன்னும் இரண்டு மிதி சேர்க்கலாம், மேலே ஜக்கார்டு பெட்டி ஏற்றலாம். ஒன்று மற்றொன்றைத் தொந்தரவு செய்யாது. அச்சுவிழுதில் நெருக்கமும் தூக்குதலும் ஒரே மரத்தில் அறுக்கப்பட்டிருக்கின்றன. கடையில் கிடைக்கும் பலகைகள் அங்குலத்துக்கு இரண்டரை இழை முதல் பதினைந்து இழை வரைதான் போகின்றன, கூடவே வருவது பெரும்பாலும் ஏழரை. நாம் கட்டும் மெல்லிய வேட்டியில் அங்குலத்துக்கு அறுபது இழை என்று வைத்துக்கொண்டால், ஏழரையைப் போல எட்டு மடங்கு. இரண்டு பலகை ஒன்றாக மாட்டி நெருக்கத்தை இரட்டிக்கிறார்கள், அப்போதும் முப்பதுதான். அதற்கு மேல் போனால் பிளவுக்கும் பிளவுக்கும் நடுவில் நிற்க மரமே இருக்காது. மெல்லிய வேட்டியோ புடவையோ இந்தத் தறியில் வராது. இதை எந்த வீடியோவும் பொய்யாகச் சொல்வதில்லை, சொல்லாமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். ஸ்கார்ஃப் கட்டும் குளிர் நாட்டுக்கு இது ஒரு குறையே இல்லை. தர்மபுரி வெயிலில் கம்பளி நூல் கழுத்துத் துணியை யார் கட்டுவார்கள்?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், சின்ன வயதில் சேலம் அம்மாப்பேட்டையில் தறியில் உட்கார்ந்தவர், ஒரு நாள் வந்து பார்த்தார். முதலில் சட்டத்தைத் தட்டிப் பார்த்து "நல்ல மரம்" என்றார். நான் நெய்வதை ஐந்து நிமிஷம் நின்று கவனித்தார். பிறகு, "எல்லாஞ் சரி தம்பி, இதுல காலுக்கு வேலயே இல்லியே" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வோர் ஊடைக்கும் என் கைகள் என்ன செய்கின்றன என்று எழுதிப் பார்த்தேன். பலகையைத் தூக்கி மேல் வெட்டில் வை. கட்டையில் சுற்றிய ஊடை நூலை ஒரு கையால் நுழை, மறு கையால் வாங்கு. கட்டையைக் கீழே வை. பலகையை எடுத்து இழுத்து அடி. இப்போது கீழ் வெட்டில் வை. மறுபடி கட்டையைத் தேடு. எல்லாமே ஒன்றன்பின் ஒன்று, எதுவும் ஒன்றோடொன்று சேர்ந்து நடக்காது. குழித்தறியில் உட்கார்ந்தவருக்குக் கால் மிதியில், ஒரு கை நாடாவை விசிறும் கயிற்றில், மறு கை அச்சு மாட்டிய சட்டத்தில். கால் வாயைத் திறக்கும்போதே கை கயிற்றை இழுக்கத் தயாராகிவிடும், நாடா மறுபக்கம் சேரும்போது அடுத்த கை அடிக்கக் கிளம்பிவிடும். பிராசஸரில் பைப்லைன் என்று நாங்கள் காலேஜில் படித்தது இதுதான். தறிக்குக் கீழே குழி வெட்டியது வெறும் உட்கார வசதிக்காக இல்லை, கால்கள் இரண்டும் தொங்கி வேலை செய்ய இடம் வேண்டும். கருவியில் கால் வேலையை நீக்கினால் குழி தேவையில்லை, தறி மேசைக்கு ஏறிவிடும். மேசைக்கு ஏறியதன் விலை அந்த இரண்டு கால்கள்தான்.

கணக்குக்கு வருவோம், சாருக்கு வேண்டியது இதுதானே. 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு, பத்து சென்டிமீட்டருக்கு முப்பது வீதம், பாவில் 120 இழை. ஊடையும் அதே நெருக்கம் என்றால் ஒன்றரை மீட்டர் துணிக்கு 450 ஊடை. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்ததில் எனக்கு நிமிடத்துக்கு எட்டு ஊடை வருகிறது, நெய்வதற்கு மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக நெய்ததும் நிறுத்தி, கொக்கியை எடுத்து, துணியைச் சுற்றி, மறுபடி விறைப்பு வைக்க வேண்டும். இழை அறுந்தால் முடிய வேண்டும். ஒன்றரை மணி என்று வையுங்கள். பாவு போட்டு இழை கோக்க 120 இழைக்கு இரண்டரை மணி. ஒரே பாவில் மூன்று துணி நெய்தால் அந்த இரண்டரை மணி மூன்றாகப் பகிரும், கடைசியில் நெய்ய முடியாமல் அறுத்துப் போடும் அரை மீட்டருக்கு மேலான பாவு நூலும் மூன்றாகப் பகிரும். ஆக மொத்தம் ஏழு மணி, குஞ்சம் முடிய இன்னும் ஒரு மணி. ஒரு முழு நாளில் மூன்று துணி. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25-க்கு அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். அதே அளவாவது வர வேண்டுமென்றால் நூல் காசு போக ஒவ்வொரு துணியிலும் 106 ரூபாய் நிற்க வேண்டும். கருவியின் விலை, கடன் வட்டி, விற்காமல் தங்கிய துணி எதையும் இதில் சேர்க்கவில்லை. ஈரோட்டில் விசைத்தறித் துண்டு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று சாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழகப் பழக வேகம் கூடும் என்பது உண்மை, எட்டு பன்னிரண்டு ஆகலாம். பைப்லைன் இல்லாத கருவியில் அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

இப்படிச் சொன்னால் நான் இந்தத் தறிக்கு எதிரி என்று ஆகிவிடும். இல்லை. இதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது, அதை யாரும் சரியாகப் புகழவில்லை என்றே நினைக்கிறேன்.

தறியின் மிகப் பெரிய பாகம் எது என்று கேட்டால் எல்லோரும் சட்டத்தைக் காட்டுவார்கள். உண்மையில் அது தெருவில் இருக்கிறது. பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, கோல் கொடுத்து இழை பிரித்து, காயவைக்க நீளமான வெட்டவெளி வேண்டும். அந்த இடத்துக்குப் பாவடி என்று பெயர். சேலம் பக்கத்து நெசவுப் பேட்டைகளில் இன்றைக்கும் அந்தப் பெயர் இருக்கிறது, பாவு நீட்டுகிறவர்கள் குறைந்துபோன பிறகும். விடியற்காலையில் வெயில் ஏறும் முன் நாலைந்து பேர் சேர்ந்தால்தான் அந்த வேலை ஆகும். பிறகு பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். தறியில் உட்காருவது ஒரு ஆள், ஆனால் தறியை ஓட்டுவது ஒரு வீடு, சில சமயம் ஒரு தெரு.

மேசைத்தறி இந்தப் பாவடியை ஒரே ஒரு முளைக்குச்சியாகச் சுருக்கிவிட்டது. தறியை ஒரு மேசையில் இறுக்கி, இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு மேசை ஓரத்தில் முளையை இறுக்குகிறோம். நூல் கண்டை தறிக்குப் பின்னால் தரையில் வைத்து, பின் உருளைக் கம்பில் முடிச்சுப் போட்டு, கொக்கியால் நூலைப் பிளவு வழியாக வளையமாக இழுத்து, நடந்து போய் முளையில் மாட்டுகிறோம். திரும்பி வந்து அடுத்த பிளவு. எல்லாப் பிளவிலும் வளையம் நிறைந்ததும் முளைப்பக்க முனையை வெட்டி, நடுவே காகிதம் கொடுத்து உருளையில் சுற்றி, பிறகு ஒவ்வொரு பிளவிலும் உள்ள இரண்டு இழைகளில் ஒன்றை எடுத்துப் பக்கத்துத் துளையில் கோக்கிறோம். பாவு அளப்பதும், இடைவெளி வைப்பதும், பாதி கோப்பதும் ஒரே நடையில் முடிகிறது. இழை சிக்குவதற்கு வாய்ப்பே குறைவு. ஹாலில் ஒரு ஆள், தனியாக. பாவின் நீளம் வேண்டுமா, முளையைத் தள்ளி வை. இதை யோசித்தவர் யாரானாலும் கும்பிடலாம்.

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. கஞ்சி கிடையாது என்பதால் முறுக்கேற்றிய, இரண்டு மூன்று புரி சேர்ந்த தடித்த நூல்தான் தாங்கும். ஒற்றைப்புரிப் பருத்தி நூலை நான் போட்ட மூன்றாவது பாவு, பிளவின் ஓரத்தில் உரசி உரசிப் பஞ்சாகி, ஒரு முழம் நெய்வதற்குள் ஒன்பது இடத்தில் அறுந்தது. பாவடியில் போடும் கஞ்சி எதற்கு என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. விறைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. பல்சக்கரத்தில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே நிறுத்த முடியாது. குழித்தறியில் பாவைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார்கள், கயிற்றை விரல் அளவு தளர்த்தலாம், அரை விரலும் தளர்த்தலாம்.

இந்த இடத்தில் சாருடைய கேள்வி ஒரு பழைய கேள்வி என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. நல்ல கருவி கொடுத்தால் நெசவு பிழைக்கும் என்ற நம்பிக்கையை நம் மாவட்டம் (1965 அக்டோபர் 2-ஆம் தேதி பிரியும் வரை தர்மபுரி சேலம் ஜில்லாதான்) ஏற்கெனவே பார்த்திருக்கிறது. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், அலுமினியப் பாத்திரத் தொழிலைச் சென்னையில் ஊன்றிய அதே மனிதர், 1906 வாக்கில் சேலத்தில் அரசு சார்பில் ஒரு கைத்தறிக் கூடம் ஆரம்பித்தார். பறக்கும் நாடா பொருத்திய தறிகளை ஒரே கூரையின்கீழ் வைத்து, நெசவாளிகளைக் கூலிக்கு அமர்த்தி நெய்யவைப்பது திட்டம். தறி நன்றாகவே ஓடியது. ஆள்தான் நிற்கவில்லை. மணியடித்தால் வருவதும் போவதும் நெசவாளிகளுக்கு ஒத்துவரவில்லை, வீட்டிலேயே நெய்வதை விரும்பினார்கள் என்பதைச் சாட்டர்டனே பதிவு செய்திருக்கிறார். 1910-இல் இந்திய அமைச்சர் மார்லி பிரபு, அரசு தொழில் நடத்தக் கூடாது என்று லண்டனிலிருந்து கட்டளை அனுப்ப, கூடமும் முடிவுக்கு வந்தது.

இதை வழக்கமாக மார்லி கெடுத்த கதையாகவோ, பழமையில் ஊறிய நெசவாளி கதையாகவோ எழுதுவார்கள். இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் சென்னை மாகாணத்து நெசவாளிகள் அதே பறக்கும் நாடாவைத் தங்கள் வீட்டுத் தறிகளில் தாங்களே பெருமளவில் பொருத்திக்கொண்டார்கள். கருவியை அவர்கள் மறுக்கவில்லை. பெண்கள் தார் சுற்றுவதும், பிள்ளைகள் கூடமாட நிற்பதும், பண்டிகைக்கு முன்னால் ராத்திரி நெய்வதும், விதைப்புக் காலத்தில் தறியை விட்டுவிட்டுப் போவதுமான ஓர் ஏற்பாட்டை உடைக்க மறுத்தார்கள். சாட்டர்டனின் கூடத்துக்குத் தறி வந்தது, பாவடி வரவில்லை.

மேசைத்தறி இதற்கு நேர் எதிரான பிழையைச் செய்கிறது என்று ஒருவர் வாதிடலாம். அது வீட்டுக்குள்ளேயே வருகிறது, மணி அடிப்பதில்லை, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பத்து ஊடை போடலாம். வாதம் சரிதான். அந்த ஒரு விஷயத்தில் சாட்டர்டனைவிட இது கெட்டிக்காரக் கருவி. ஆனால் வீட்டுக்குள் வந்தால் மட்டும் போதுமா என்பதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. 1950-களில் தமிழ்நாட்டுக்காரரான ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் சர்க்காவை நாடு முழுக்கப் பெரிய நம்பிக்கையோடு கொண்டுபோனார்கள். பொறியியலாகப் பார்த்தால் அழகான கருவி, மில்லின் நூற்பு முறையை வீட்டு அளவுக்கு இறக்கியது. கதர் நிறுவனங்கள் பஞ்சு கொடுத்து நூல் வாங்கிய இடங்களில் அது ஓடியது. வாங்க ஆள் இல்லாத வீட்டில் எந்த ராட்டையும் பரணுக்குத்தான் போகும்.

சார் இதற்குப் பதில் வைத்திருப்பார் என்று தெரியும். "நம்ம ஜில்லாவுல பட்டுக்கூடு விளையுது, நெசவு வேற ஊர்ல நடக்குது. நம்ம கூட்டை நாமளே நெஞ்சா என்ன?" தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் பார்த்தவர் யாருக்கும் வருகிற ஆதங்கம். ஆனால் நூற்பாலையில் உருவப்படும் பட்டு இழை மயிரைவிட மெல்லியது. அதற்கும் ஏழரை அச்சுவிழுதுக்கும் சம்பந்தமே இல்லை. சம்பந்தம் வரக்கூடிய ஓர் இடம் உண்டு. உருவ லாயக்கில்லாத இரட்டைக்கூடு, கறைக்கூடு, அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூடு ஆகியவற்றைச் சோடாவில் வேகவைத்துப் பசை நீக்கி, பஞ்சு மாதிரி பிய்த்து, கையால் நூற்றால் கொஞ்சம் முடிச்சும் மேடுமாகத் தடித்த நூல் வரும். அந்த நூலைத்தான் இந்தத் தறி விரும்பும். துணியும் பார்க்க நன்றாக இருக்கும். அதைச் செய்து விற்க முதலில் வேண்டியது நூற்கத் தெரிந்த கையும், வாங்கத் தெரிந்த கடையும். தறி கடைசியாக வந்தால் போதும்.

கையும் கடையும் முதலில் என்பதற்கு மாவட்டத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் சிட்லிங்கி. 1993-இல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே மருத்துவமனை தொடங்கியது பலருக்கும் தெரிந்த கதை. அதைச் சுற்றிப் பிறகு வளர்ந்தவற்றில் ஒன்று 'போர்கை', லம்பாடிப் பெண்களின் பூவேலைக் கூட்டமைப்பு. அவர்கள் தறி வாங்கவில்லை. துணி வேறு இடத்துக் கைத்தறியிலிருந்து வருகிறது. அவர்களுடைய கருவி ஊசி. பாட்டிமாருக்குத் தெரிந்து, நடுவில் பேத்திகள் மறந்துபோன தையல்களை மறுபடி கற்றுக்கொண்டார்கள், அந்தத் தையலுக்காகவே வாங்குகிறவர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஊசியும் வீட்டுக்குள் இருக்கும், உலை கொதிக்கும்போது கீழே வைக்கலாம். மேசைத்தறிக்கு இருப்பதாகச் சொல்லப்படும் எல்லா வசதியும் ஊசிக்கும் உண்டு, விலை மட்டும் பத்து ரூபாய். ஈரோட்டு விசைத்தறி அந்தத் துணியின் விலையை உடைக்க முடியாததற்குக் காரணம் அதில் தையல் இருப்பதுதான். ஏழரை இழைச் சாதா நெசவில் அப்படி உடைக்க முடியாதது என்ன இருக்கிறது என்பதுதான் சார் குழுவிடம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு சின்ன இடைச்செருகல். 1985-ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறிதான். ஆகவே என் ஹாலில் இருப்பதும் சட்டப்படி கைத்தறி. பெரியவரிடம் சொன்னேன். "அப்ப நீயும் நெசவாளி, அட்டை வாங்கிக்க" என்றார்.

இந்தத் தறிக்கு எனக்குத் தெரிந்த மிகச் சரியான இடம் பள்ளிக்கூடம். பாவு எது, ஊடை எது, வாய் எப்படித் திறக்கிறது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை பத்து நிமிஷத்தில் கண்ணால் பார்த்துவிடும். குழித்தறியில் நாடா பறக்கிற வேகத்தில் ஒன்றும் பிடிபடாது. நான் பி.இ. படித்த நாலு வருஷத்தில் சேலத்து வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், தறிச் சத்தம் கேட்டிருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்தது இந்தப் பலகையைத் தூக்கி இறக்கிய பிறகுதான். விளக்கமாக இது அருமையான கருவி. வயிற்றுப்பாட்டுக்கான கருவியாக இதை விற்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அதற்காகப் பெட்டியில் வருகிறதையே வாங்க வேண்டியதும் இல்லை. சட்டம், உருளை எல்லாம் ஊர் ஆசாரியே நன்றாகக் காய்ந்த வேப்ப மரத்தில் செய்துவிடுவார். பல்சக்கரத்துக்குப் பதில் உருளை முனையில் எட்டுத் துளை போட்டு ஒரு ஆணியைச் செருகினால் போதும், ஆணி வளையாத தடிமனாக இருக்கட்டும். கஷ்டமானது அச்சுவிழுது மட்டும்தான். பத்து சென்டிமீட்டருக்கு முப்பது என்றால் ஓர் இழைக்கு 3.33 மில்லிமீட்டர், அதில் பிளவு 1.2 போனால் இரு பக்கமும் நிற்கும் மரம் 2.1 சொச்சம். ரம்பத்தில் ஆகாது. ஓசூரில் லேசர் வெட்டும் பட்டறையில் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டில் வெட்டி வாங்கலாம். வெட்டிய ஓரத்தை மெல்லிய உப்புக்காகிதத்தால் ஒவ்வொரு பிளவாகத் தேய்க்க வேண்டும், தேய்க்காவிட்டால் நூலை அறுக்கும். வரைபடத்தை நான் போட்டு வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.

சார், பத்து வேண்டாம். இரண்டு செய்யலாம், ஒன்று உங்கள் பழைய பள்ளிக்கு, ஒன்று குழுவில் யாருக்கு ஆசையோ அவர்கள் வீட்டில். கடன் இப்போதைக்கு எடுக்க வேண்டாம். சேமிப்பில் கொஞ்சம் எடுத்து ஒரு வேன் பிடித்துக் குழுவைச் சிட்லிங்கிக்குக் கூட்டிப்போங்கள், அரூரிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். அங்கே போய் ஊசியைப் பார்ப்பதைவிடக் கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், எந்தத் துணி யாருக்குப் போகிறது, எது தங்குகிறது என்று. நானும் வருகிறேன், மாசக் கடைசி சனிக்கிழமை என்றால் எனக்கு வசதி.